கேள்வி–பதில்: இரு கணுக்களுக்கு இடையே கணச் செயல்கள்

மையச் சேவையகம் இல்லாத வலைப்பின்னல்களில் நிரல் எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு கணங்களின் சேர்ப்பை, அதாவது இரண்டில் ஏதேனும் ஒன்றிலாவது உள்ள உறுப்புகள் அனைத்தும் கொண்ட கணத்தை, கண்டுபிடிப்பது பைத்தானில் ஒரே வரி வேலை. இதையே இரண்டு கணினிகளுக்கு இடையே செய்யத் தனி நெறிமுறை எதற்கு? முழுப் பட்டியலையும் அனுப்பிவிட்டால் என்ன? (பொறியியல் மாணவி ஒருவர்)

பதில்: சில நூறு உறுப்புகள்தான் என்றால் தாராளமாக முழுப் பட்டியலையே அனுப்புங்கள். அதைவிட எளிய, பிழை குறைந்த வழி வேறில்லை. சிக்கல் தொடங்குவது கணம் பெரிதாகவும் வித்தியாசம் சிறிதாகவும் இருக்கும்போதுதான். இரு கணுக்களிடமும் (வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு) பத்து லட்சம் பதிவுகள் இருக்கின்றன என்றும், அவற்றில் நூறு மட்டுமே வேறுபடுகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட் ஹாஷ் (பதிவிலிருந்து கணக்கிடப்படும் குறுகிய அடையாள எண்) மட்டும் அனுப்பினாலும் 3.2 கோடி பைட்டுகள் போகின்றன. அவற்றில் ஏறத்தாழ அனைத்தும் எதிர்க்கணுவிடம் ஏற்கெனவே உள்ள செய்தியே. ஒரு கணு பல கணுக்களோடு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படிப் பேச வேண்டியிருந்தால் வலைப்பின்னலின் வேலையே இதுவாகிவிடும்.

மையமில்லா வலைப்பின்னலுக்கான கட்டற்ற மென்பொருளான குனுநெட்டில் இதற்கு நேரடியான எடுத்துக்காட்டு உண்டு. தன் குறியாக்கச் சாவி களவு போய்விட்டது என்று ஒருவர் அறிவித்தால், அந்த ரத்து அறிவிப்பு எல்லாக் கணுக்களுக்கும் போய்ச் சேர வேண்டும். இணைப்பில் இல்லாதிருந்த ஒரு கணு திரும்பி வரும்போது, அண்டைக்கணுவும் அதுவும் தத்தம் ரத்துப் பட்டியல்களின் சேர்ப்பைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. பட்டியல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும்; இடையில் விடுபட்டவை மட்டும் சிலவாகவே இருக்கும். எனவே அனுப்பும் செய்தியின் அளவு கணத்தின் அளவைப் பொறுத்திராமல், வித்தியாசத்தின் அளவை மட்டுமே பொறுத்திருக்க வேண்டும் என்பதே இங்கு எதிர்பார்ப்பு.

கேள்வி: கடைசியாகப் பேசிய நேரத்தைக் குறித்துவைத்து, அதன் பிறகு சேர்ந்தவற்றை மட்டும் அனுப்பினால் போதாதா? (மென்பொருள் நிறுவனப் பணியாளர்)

பதில்: ஒரே சேவையகமும் பல வாடிக்கையாளர்களும் உள்ள அமைப்பில் போதும். மையமில்லா வலைப்பின்னலில் ஒரு பதிவு மூன்றாம் கணு வழியாகச் சுற்றி, நாள் கடந்து வந்து சேரலாம். பதிவில் உள்ள நேரம் பழையது, உங்களிடம் வந்த நேரம் புதியது. வந்த நேரத்தைக் குறிப்பதென்றால், ஒவ்வொரு அண்டைக்கணுவுக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும். முதன்முதலாகச் சந்திக்கும் கணுவிடம் அந்தக் கணக்கும் உதவாது. முன் தொடர்பு எதையும் நம்பாமல், இப்போது கையில் உள்ள இரு கணங்களை மட்டும் வைத்து வித்தியாசத்தைக் காணும் முறையே உறுதியானது.

பதிவுகளின் ஹாஷ்களை மரமாக அடுக்கி, உச்சியிலிருந்து வேறுபடும் கிளைகளில் மட்டும் இறங்கிப் பார்க்கும் மெர்க்கிள் மரமும் அத்தகைய முறைதான். பல கணினிகளில் பரவிய தரவுத்தளங்களில் அமேசானின் டைனமோ அதைக் கையாண்டது, கசாண்ட்ராவும் அதையே கையாள்கிறது. ஆனால் வேறுபாடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட இருகிளை மரத்தில் ஏறத்தாழ 20 மட்டங்கள் இறங்க வேண்டும். மட்டத்துக்கு ஒருமுறை செய்தி போய்ப் பதில் வர வேண்டும், அதற்கு 200 மில்லிவினாடி என்றால், காத்திருப்பதிலேயே நான்கு வினாடிகள் போய்விடும்.

கேள்வி: ‘இன்வர்ட்டிபிள் ப்ளூம் ஃபில்டர்’ என்னும் அமைப்பு, உறுப்புகளை அனுப்பாமலேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடும் என்று படித்தேன். கணக்கோடு விளக்க முடியுமா? (கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: சிறிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முதற்கணுவிடம் 5, 9, 12 ஆகியவையும், எதிர்க்கணுவிடம் 5, 10, 12 ஆகியவையும் உள்ளன. இரு கணுக்களும் நான்கு அறைகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தனித்தனியே தயாரிக்கின்றன. ஒவ்வொரு உறுப்பும் ஹாஷ் சார்பு காட்டும் இரண்டு அறைகளில் போடப்படுகிறது. நடைமுறையில் மூன்று அல்லது நான்கு அறைகளில் போடுவார்கள். ஹாஷ் சார்பு 5-ஐ 1, 3 ஆகிய அறைகளுக்கும், 9-ஐ 1, 2-க்கும், 12-ஐ 2, 4-க்கும், 10-ஐ 2, 3-க்கும் அனுப்புகிறது என்று கொள்வோம். ஓர் உறுப்பை அறையில் போடுவது என்றால், அந்த அறையின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதும், அறையின் மதிப்போடு அந்த உறுப்பை எக்ஸார் (இரு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 இடுவது) செய்வதுமே ஆகும்.

முதற்கணுவின் நான்கு அறைகளில் மதிப்புகள் முறையே 12, 5, 5, 12. எண்ணிக்கைகள் 2, 2, 1, 1. எதிர்க்கணுவின் மதிப்புகள் 5, 6, 15, 12. எண்ணிக்கைகள் 1, 2, 2, 1. எதிர்க்கணு தன் அட்டவணையை அனுப்புகிறது. முதற்கணு அறைக்கு அறை எண்ணிக்கைகளைக் கழித்து, மதிப்புகளை எக்ஸார் செய்கிறது. இரு பக்கமும் உள்ள 5, 12 ஆகியவை தாமே மறைந்துவிடுகின்றன; ஏனெனில் ஓர் எண்ணை அதனோடே எக்ஸார் செய்தால் கிடைப்பது சுழியம். எஞ்சும் மதிப்புகள் 9, 3, 10, 0. எண்ணிக்கைகள் 1, 0, –1, 0.

முதல் அறையில் எண்ணிக்கை 1, ஆகவே 9 முதற்கணுவிடம் மட்டுமே உள்ளது. அந்த 9-ஐ அது விழுந்த இரண்டாம் அறையிலிருந்தும் எடுத்துவிட்டால், 3-உம் 9-உம் எக்ஸார் ஆகி 10 கிடைக்கிறது. அங்கே எண்ணிக்கை –1 ஆகிறது. அதாவது 10 எதிர்க்கணுவிடம் மட்டுமே உள்ளது. மூன்றாம் அறையும் அதையே சொல்கிறது. கணத்தில் மூன்று உறுப்புகளுக்குப் பதிலாக மூன்று கோடி இருந்தாலும், வித்தியாசம் இரண்டுதான் என்றால் எஞ்சுவது இவ்வளவே.

இரண்டாம் அறையை மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் அதன் எண்ணிக்கை சுழியமாக இருந்தும் அது காலியாக இல்லை. அதேபோல, முதற்கணுவின் இரண்டு உறுப்புகளும் எதிர்க்கணுவின் ஓர் உறுப்பும் ஒரே அறையில் விழுந்தால், எண்ணிக்கை 1 என்று காட்டும், ஆனால் மதிப்பு மூன்றும் கலந்த குப்பையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கவே ஒவ்வோர் அறையிலும் மூன்றாவதாக, உறுப்புகளின் ஹாஷ்களை எக்ஸார் செய்த ஒரு சரிபார்ப்பு மதிப்பும் வைக்கப்படுகிறது. எண்ணிக்கை 1 அல்லது –1 ஆகவும், மதிப்பின் ஹாஷ் இந்தச் சரிபார்ப்பு மதிப்போடு ஒத்தும் இருந்தால் மட்டுமே அந்த அறையை நம்பலாம்.

எப்ஸ்டீன், குட்ரிச், உயேடா, வர்கீஸ் ஆகிய நால்வர் 2011-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். வித்தியாசத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அறைகள் இருந்தால் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடலாம். முன்பு சொன்ன நூறு வேறுபாடுகளுக்கு 200 அறைகள், அறைக்கு 16 பைட் என்றால் மொத்தம் 3,200 பைட்.

கேள்வி: வித்தியாசம் எவ்வளவு என்றே தெரியாதபோது எத்தனை அறைகள் வைப்பது என்று எப்படி முடிவு செய்வது? (அதே விரிவுரையாளர்)

பதில்: அதே ஆய்வில் இதற்கும் விடை இருக்கிறது. உறுப்புகளின் ஹாஷ் எத்தனை சுழியங்களில் முடிகிறது என்று பார்த்து அடுக்குகளாகப் பிரித்தால், முதல் அடுக்கில் ஏறத்தாழப் பாதியும், அடுத்ததில் கால் பங்கும், அதற்கடுத்ததில் அரைக்கால் பங்கும் விழும். அடுக்குக்கு ஒரு சிறிய அட்டவணை வைத்து, உறுப்புகள் குறைந்த அடுக்கிலிருந்து தொடங்கிப் பிரித்துக்கொண்டே வந்து, எந்த அடுக்கில் தோற்கிறோமோ அதற்கு முன்புவரை கிடைத்ததைப் பெருக்கி மொத்தத்தை மதிப்பிடலாம். குனுநெட்டின் சேர்ப்புச் செயல் இப்படித்தான் தொடங்குகிறது. மதிப்பீடு பிசகி, அட்டவணையைப் பிரிக்க முடியாமல் போனால், அறைகளை இரட்டிப்பாக்கி, ஹாஷுக்கு வேறு உப்பு (ஹாஷின் விடையை மாற்றக் கூடுதலாகக் கொடுக்கும் எண்) சேர்த்து, அனுப்புபவரும் பெறுபவரும் இடம் மாறி மீண்டும் முயல்கிறார்கள். வித்தியாசம் மிகப் பெரிது என்று தெரிந்தால் முழுக் கணத்தையும் அனுப்பும் வழிக்கு மாறிவிடுகிறது. அது தோல்வி அல்ல, சரியான கணக்கு.

பிட்காயின் நிரலாளர்கள் ‘மினிஸ்கெட்ச்’ நூலகத்தில் வேறு வழியை எடுத்தார்கள். பிழை திருத்தும் குறியீடுகளின் கணிதத்தைக் கொண்டு, நூறு வேறுபாடுகளுக்கு 64 பிட் வீதம் 800 பைட்டிலேயே காரியத்தை முடிக்கிறது. ஆனால் பிரித்தெடுக்கும் நேரம் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும்; ஒதுக்கிய அளவைவிட வித்தியாசம் ஒன்று கூடினாலும் எதுவும் கிடைக்காது. அண்டைக்கணுக்களோடு அடிக்கடி பேசி, வித்தியாசத்தைச் சிறிதாகவே வைத்திருக்கும் பரிவர்த்தனைப் பரிமாற்றத்துக்கு அது பொருந்தும். பொதுப் பயன்பாட்டுக்கு அட்டவணை முறையையே நான் பரிந்துரைப்பேன். 2024-இல், மதிப்பீடே தேவைப்படாமல் அறைகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்து, பெறுபவர் பிரித்தெடுத்ததும் நிறுத்திக்கொள்ளும் முறையும் வெளிவந்துள்ளது; புதிதாக எழுதுபவர்கள் அதைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: இருவர் கைபேசியிலும் பொதுவாக உள்ள தொடர்பு எண்களை மட்டும், மற்றவை வெளிப்படாமல், கண்டுபிடிக்க விரும்புகிறேன். குனுநெட்டில் இரு கணங்களுக்கும் பொதுவான உறுப்புகளைக் காணும் வெட்டுச் செயல் இதற்குப் போதுமா? (செயலி உருவாக்குநர்)

பதில்: போதாது. வெட்டுச் செயலில் இரு கணுக்களும் ப்ளூம் ஃபில்டர்களை (ஓர் உறுப்பு கணத்தில் உண்டா என்று சொல்லும், சிலசமயம் இல்லாததையும் உண்டு என்றுவிடும் சிறிய பிட் அட்டவணைகளை) மாறி மாறி அனுப்பி, எதிர்க்கணுவின் ஃபில்டரில் இல்லாதவற்றைக் கழித்துக்கொண்டே வருகின்றன. சுற்றுக்குச் சுற்று உப்பு மாறுவதால், முந்தைய சுற்றில் தவறுதலாகத் தப்பியவை அடுத்ததில் சிக்குகின்றன. இது அனுப்பும் தரவின் அளவை மிச்சப்படுத்தும் வழியே தவிர, இரகசியம் காக்கும் வழி அல்ல. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். மொத்தம் 400 கோடிதான் இருக்க முடியும். அத்தனையையும் உங்கள் ஃபில்டரில் சோதித்துப் பார்க்க ஒரு சாதாரணக் கணினிக்குச் சில மணி நேரம் போதும். நீங்கள் தேட வேண்டியது, வெளிப்படையாகப் பேசியே இருவரும் ஒரே இரகசியச் சாவியைப் பெறும் டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட தனியுரிமைக் கண வெட்டு நெறிமுறைகள்.

கேள்வி: நிரல் எழுதும்போது கவனிக்க வேண்டியவை என்ன? (பல வாசகர்கள்)

பதில்: முதலாவது, செயல் நடந்துகொண்டிருக்கும்போதே கணம் மாறும். குனுநெட்டின் கணச் சேவையில் ஒரு கணு ‘பிரிப்பேர்’ என்று செயலை முன்மொழிய, ‘லிசன்’ செய்து காத்திருக்கும் மற்றொன்று ‘அக்செப்ட்’ செய்ய, இருவரும் தத்தம் கணத்தை ‘கமிட்’ செய்யும்போதுதான் எந்தக் கணம் என்பது உறுதியாகிறது. அதன் பிறகு சேர்க்கப்படுபவை நடக்கும் செயலைத் தொடுவதில்லை. உங்கள் நிரலிலும் இதேபோல் ஒரு நிலையான நகலின் மேல் மட்டுமே செயலை நடத்துங்கள். பாதி அட்டவணை பழையதாகவும் பாதி புதியதாகவும் இருந்தால், வித்தியாசத்தில் இல்லாத உறுப்புகளெல்லாம் முளைக்கும்.

இரண்டாவது, எதிர்க்கணு யாரென்று உங்களுக்குத் தெரியாது. வித்தியாசம் பத்துக் கோடி என்று பொய் மதிப்பீடு அனுப்பி, உங்கள் நினைவகத்தை நிரப்பப் பார்க்கலாம். எனவே அட்டவணை அளவுக்கு உச்சவரம்பு வையுங்கள். பிரித்தெடுக்கும் சுழல் முடியாமல் ஓடும்படி அறைகளைப் புனைந்து அனுப்பலாம். கிடைத்த உறுப்பு உண்மையிலேயே அந்த அறைக்கு உரியதா, ஏற்கெனவே ஒருமுறை வந்ததா என்று பாருங்கள், சுற்றுகளையும் எண்ணுங்கள். இறுதியில் இரு கணங்களும் ஒன்றே என்று உறுதிசெய்ய ஹாஷ்களின் எக்ஸாரை ஒப்பிடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: உறுப்புகளைத் தானே புனையக்கூடிய எதிரி, 256 பிட் எக்ஸாரை விரும்பிய மதிப்புக்குக் கொண்டுவர, சில நூறு உறுப்புகளை உருவாக்கி நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்தாலே போதும். தற்செயல் பிழையைப் பிடிக்க எக்ஸார் போதுமானது. எதிரியைப் பிடிக்க, வரிசைப்படுத்திய பட்டியலின் ஹாஷே வேண்டும்.

கேள்வி: நான் நீக்கிய பதிவுகள், அடுத்த கணுவோடு பேசியதும் திரும்ப வந்துவிடுகின்றன. எங்கே தவறு? (தனிநிலை நிரலாளர்)

பதில்: நிரலில் தவறில்லை, சேர்ப்பு என்றால் அதுதான் நடக்கும். உங்களிடம் இல்லாத பதிவு நீக்கப்பட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா என்பதை எதிர்க்கணுவால் பிரித்தறிய முடியாது. நீக்கியதையே ஒரு பதிவாக்கி, அதையும் கணத்தில் உறுப்பாகச் சேர்க்க வேண்டும். அந்த நீக்கக் குறிகள் குவிந்துகொண்டே போகும் என்பதால், கசாண்ட்ராவில் அவற்றை இயல்பாக 10 நாள்கள், அதாவது 8,64,000 வினாடிகள், வைத்திருந்து பிறகு அழிக்கிறார்கள். நீங்கள் எந்தக் கெடு வைத்தாலும், அதைவிட நீண்ட காலம் இணைப்பில் இல்லாதிருந்த கணுவைச் சேர்ப்புச் செயலில் நேரடியாக அனுமதிக்காதீர்கள். அது தன் கணத்தைக் காலி செய்துவிட்டு, புதிய கணுவாக வந்து முழுவதையும் பெற்றுக்கொள்ளட்டும்.