உள்ளே விட்ட துணி

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமங்கலம். வேலை பெங்களூரில். போன ஆடிக்காற்றில் வீட்டுக்குப் பின்னால் நின்ற வேப்பமரம் சாய்ந்துவிட்டது. விறகுக்குப் போட மனம் வராமல், மில்லில் அறுத்துப் பலகையாக்கி, கதவு வைத்த புத்தக அலமாரி செய்ய உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்தேன். இதே அளவு அலமாரி கடையில் 32,000 ரூபாய். ஆசாரி கூலி 15,000 கேட்டார், 12,000க்குப் பேசி முடித்தேன். “மரம் காயட்டும் தம்பி” என்று சொல்லிச் சொல்லியே இழுத்தடித்தார். சத்தம் போட்ட பிறகுதான் புரட்டாசியில் முடித்துக் கொடுத்தார். இப்போது ஐப்பசி மழைக்கு வலது கதவு சாத்தவே மாட்டேன் என்கிறது. வீட்டில் கேலி தாங்கவில்லை. ஏமாறாமல், மலிவாக, ஆள் வைத்துச் செய்துகொள்ள வழி உண்டா? கைவினைஞரை ஆதரிக்கச் சொல்வது கடைசியில் குலத்தொழிலைத் தூக்கிப் பிடிப்பதாகத்தானே முடியும்? அந்தக் கதவை என்ன செய்வது?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்து வந்தேன். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது, சிற்பங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது நல்லதுதான், சரி. ஆனால் எனக்கு அது தையல் மிஷின் சத்தம்தான். யாளி நிற்கும் தூணுக்குக் கீழே ஒரு மிஷின், அடுத்த தூணுக்கு இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சட்டையை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு கோயிலுக்குள் போவார்கள். சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்குள் அதே மாதிரி இன்னொரு சட்டை தயாராக இருக்கும்.

ஆறாம் வகுப்பு சேர்ந்த வருடம் அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். விளக்குத்தூண் பக்கம் எடுத்த காக்கித் துணி கக்கத்தில். தையல்காரர் காதில் பென்சில், கழுத்தில் டேப். இடுப்பை அளந்தார், தொடையை அளந்தார். அப்பா சொன்னது ஒரே வார்த்தை: “வளர்ற பையன்.” அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ குறித்தார். வாங்கப் போன அன்று டவுசரைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். “கீழ ரெண்டு விரக்கடை மடிச்சு விட்டிருக்கேன், இடுப்புலயும் விட்டிருக்கேன். அடுத்த வருசம் பிரிச்சுக்கலாம்.”

அடுத்த வருடம் அம்மா பிரித்தாள். வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போன டவுசருக்குக் கீழே ரெண்டு விரக்கடைக்குப் புதுக் காக்கி, அதற்கு மேலே பழைய மடிப்பின் கோடு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கோடு உண்டு. யார் டவுசர் எந்த வருடத்தது என்று தொடையைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

இப்போது ஏதாவது ஒரு ரெடிமேட் பேண்டைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அந்தப் பக்கம் கால் அங்குலம் இருக்கும், அதையும் ஓவர்லாக் அடித்து மூடியிருப்பார்கள். ஒரு சுற்று சதை போட்டால் அது உங்களுக்கு ஆகாது. அதைத் தைத்தவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது, நீங்கள் வளர்வதைப் பற்றி அவருக்கு என்ன? நான் ரெடிமேடைத் திட்டவில்லை, இப்போது போட்டிருப்பதும் அதுதான். ஆனால் ஒருவரிடம் சொல்லிச் செய்வது என்பது கடையில் வாங்குவதைவிட மலிவான இன்னொரு வகை வாங்கல் என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வாய் நீளுகிறது.

தம்பி, அந்த 3,000 ரூபாயை எங்கிருந்து குறைத்தீர்கள்? ஆசாரி கதவை ஒரு சாண் குறைத்துச் செய்ய முடியுமா? தட்டில் ஒன்றை விட முடியுமா? பார்த்ததும் தெரிந்துவிடும். குறைத்த காசு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கழியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் வேறொரு ஆசாரியிடம் எழுதும் மேசை ஒன்று செய்யச் சொன்னேன். 2,800 கேட்டார், நான் 2,500 என்று நின்றேன். அவர் ஒரு நிமிடம் மேசையே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “சரிங்க சார்” என்றார். மேசை அழகாக வந்தது. பேரத்தில் கெட்டிக்காரன் என்று எனக்கு நானே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். நாலாவது வருடம் டிராயரின் அடிப்பலகை காகிதங்களோடு காலில் விழுந்தது. காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து அதற்குள் பலகையைச் செருகியிருக்க வேண்டும். அவர் மெல்லிய பிளைவுட்டை வைத்துச் சின்ன ஆணியால் அடித்திருந்தார். தூக்கிக்கொண்டு போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க குறைச்ச முன்னூறு அங்கதான் சார் இருந்துச்சு” என்றார்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அச்சாரம் வாங்கிவிட்டு ஆளே தட்டுப்படாதவர்களும் உண்டு. அதற்கு நான் மருந்து வைத்திருக்கவில்லை. புள்ளி அச்சடித்த சேலையைச் சுங்குடி என்று பாதி விலைக்கு வாங்கிவந்து, முடிச்சுப் போட்ட சுங்குடிக்காரரை ஏமாற்றுக்காரர் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் துணியை நகத்தில் கிள்ளி நூலால் சுற்றிச் சாயத்தில் முக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மலிவாக வேண்டுமென்றால் தாராளமாக அச்சடித்ததை வாங்கிக் கட்டலாம், பாவமில்லை. அந்த விலைக்கு முடிச்சைக் கேட்பதுதான் அநியாயம்.

உங்கள் குலத்தொழில் கேள்வி பெரிய கேள்வி. ஆனால் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்கக்கூடாது. ஆசாரி மகன் ஆசாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதியதில்லை. அவன் பாலிடெக்னிக்குப் போனால் எனக்குச் சந்தோஷம். உங்கள் மகன் இழைப்புளி பிடிக்கப் போனால் அதைவிடச் சந்தோஷம். உங்களுக்கு எப்படியோ.

எனக்கு உண்மையில் வருத்தம் பேரத்தில் இல்லை. “மரம் காயட்டும்” என்று அவர் சொன்னதைச் சாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான். ஆடியில் சாய்ந்த மரம், புரட்டாசியில் அலமாரி! பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், கோணும். அறுத்த பலகைகளுக்கு இடையே குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் சில மாதமாவது காற்றாட வைத்திருக்க வேண்டும். அதைத்தான் அந்த மனிதர் செய்யப் பார்த்தார். அதற்கு அவருக்குக் கூலி கிடையாது, இடம் அடைபட்டதுதான் மிச்சம். என் தையல்காரர் விட்ட ரெண்டு விரக்கடையைப்போல உங்கள் ஆசாரி விட்டது நாள். நீங்கள் பெங்களூரிலிருந்து போனிலேயே கத்தி அதைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

கதவுக்கு வருகிறேன். இப்போது யாரையும் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. இப்போது இழைத்தால் கோடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும். தை, மாசி வெயிலில் அது தன் கோணலையெல்லாம் காட்டி முடிக்கட்டும். பங்குனியில் ஆசாரியைக் கூப்பிடுங்கள், அதே ஆசாரியை. ஒரு நாள் வேலைதான். இழைத்த கையோடு உள்பக்கமும் சேர்த்து வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள், வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் உள்வழியே ஏறும். கூலி அவர் சொல்வதுதான்.

அதுவரை வலது கதவைத் திறந்தே போட்டு வையுங்கள். எலித்தொல்லை இருந்தால் மட்டும் கீழ்த்தட்டில் புத்தகம் வேண்டாம்.