பிலடெல்பியாவின் சோடா வரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

குளிர்பானங்களுக்கு நகர நிர்வாகங்கள் வரி போடுவதை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இருப்பது அப்பர் டார்பியில், பிலடெல்பியா எல்லைக்கு இந்தப் பக்கம். எங்கள் ஊர்க் கடைகளில் தள்ளுவண்டி நிறைய சோடா அள்ளிக்கொண்டு போகிறவர்களில் நிறையப் பேர் நகரத்துக்காரர்கள். கார் இருப்பவன் தப்பித்துக்கொள்கிறான், இல்லாதவன் கட்டுகிறான். சர்க்கரையே இல்லாத டயட் சோடாவுக்கும் அதே வரி. இதனால் யாருக்காவது எடை குறைந்ததா? சுகாதாரத்தின் பெயரைச் சொல்லி ஏழைகளிடம் காசு பிடுங்கும் வேலைதானே இது?

எம்.ஆர்.

அன்புள்ள எம்.ஆர்.,

நீங்கள் கண்ணால் பார்த்ததை நான் மறுக்கப்போவதில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் சோடா விற்பனை ஏறியது ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. எவ்வளவு ஏறியது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். 2016 ஜூனில் பிலடெல்பியா நகர மன்றம் 13க்கு 4 என்ற வாக்கில் இந்த வரியை நிறைவேற்றியது. 2017 ஜனவரி 1 முதல் அமல். அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட். கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் இரண்டு லிட்டர் பாட்டிலில் 67.6 அவுன்ஸ் இருக்கிறது. வரி மட்டும் ஒரு டாலரைத் தாண்டிவிடும். பன்னிரண்டு கேன் உள்ள பெட்டிக்கு 2 டாலர் 16 சென்ட். அப்போது தள்ளுபடியில் அந்தப் பெட்டியே நாலைந்து டாலருக்குக் கிடைத்த ஊரில் இது பெரிய அடி. வாங்குபவர் கை தயங்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்தார்கள்.

தயங்கியதா? பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள், மருந்துக்கடைச் சங்கிலிகள் போன்றவற்றின் விற்பனைக் கணக்கை, சோடா வரி இல்லாத பால்டிமோர் நகரத்தோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். 2019இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. முதல் ஆண்டில் நகரத்துக்குள் வரிக்குட்பட்ட பானங்களின் விற்பனை அளவு 51 சதவீதம் விழுந்திருக்கிறது. அப்படி விழுந்ததில் ஏறக்குறைய கால் பங்கு எல்லை தாண்டிய கடைகளுக்குப் போயிருக்கிறது. அதையும் கழித்துவிட்டால் நிகரக் குறைவு 38 சதவீதம். உங்கள் ஊர்க் கடை வாசலில் நின்றால் அந்தக் கால் பங்குதான் கண்ணில் படும். வாங்குவதையே குறைத்துக்கொண்டவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார், அவரை நீங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? தெருமுனைச் சிறு கடைகள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிலடெல்பியாவோடு இது நிற்கவும் இல்லை. அதையும் போல்டர், சியாட்டில், ஓக்லாந்து, சான் பிரான்சிஸ்கோ ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து நகரங்களைப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. விலை சராசரியாக 33 சதவீதம் ஏறியிருக்கிறது, வாங்கும் அளவும் ஏறக்குறைய அதே 33 சதவீதம் இறங்கியிருக்கிறது. பக்கத்து ஊர்களில் அதை ஈடுகட்டும் அளவுக்கு விற்பனை ஏறவில்லை.

இனி உங்கள் கடிதத்தின் உயிரான கேள்விக்கு வருகிறேன். யார் கட்டுகிறார்கள்?

இதில் நீங்கள் சொல்வது சரி. சொல்லப்போனால் நிலைமை நீங்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் மோசம். கடை ரசீதில் வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி இல்லை இது. விநியோகஸ்தரிடம் வாங்குகிறார்கள், அவர் விலையில் ஏற்றி விடுகிறார். அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டையில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி போடக்கூடாது. வரி விநியோகஸ்தர் மட்டத்திலேயே விழுந்துவிடுவதால், அந்த அட்டையை நீட்டுபவருக்கும் ஏறிய விலைதான். பிலடெல்பியாவைப் பற்றிய அந்த 2019 ஆய்வில் இன்னொரு விஷயம்: சூப்பர் மார்க்கெட்டில் விலை அவுன்ஸுக்கு 0.65 சென்ட்தான் ஏறியது, மருந்துக்கடைகளிலோ 1.56 சென்ட், அதாவது முழு வரியும். காரில் போய்ப் பெரிய கடையில் வாங்கியவருக்கு நகரத்துக்குள்ளேயே பாரம் குறைவு. நடந்துபோகும் தூரத்தில் இருப்பதை வாங்கியவர் முழுசாகக் கட்டினார். 2016இல் இடதுசாரிச் சாய்வுள்ள செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் இந்த வரியை எதிர்த்ததும் இந்தக் காரணத்தால்தான். அவரை சோடா கம்பெனிகளின் ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால் நான் ஏன் ஆதரிக்கிறேன்? ஒரு வரி ஏழைக்கு நல்லதா கெட்டதா என்பதை வசூலாகும் இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, செலவாகும் இடத்தையும் பார்க்க வேண்டும். அப்போது மேயராக இருந்த மைக்கேல் நட்டர் 2010இலும் 2011இலும் சோடா வரி கொண்டுவரப் பார்த்தார், இரண்டு முறையும் தோற்றார். அடுத்து வந்த ஜிம் கென்னி உடல்பருமனைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இலவச முன்பள்ளி, சமுதாயப் பள்ளிகள், பழுதாகிக் கிடக்கும் பூங்காக்களும் நூலகங்களும் என்று பட்டியல் வைத்தார். வரி வந்த அதே 2017 ஜனவரியில் 2,000 முன்பள்ளி இடங்கள் திறந்தன. பின்னால் அது ஐயாயிரத்தைத் தாண்டியது. இரண்டு வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்கு இதன் மதிப்பு என்ன என்று நினைத்துப் பாருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு அமெரிக்க நகரங்களில் ஆகும் செலவு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பல கோடி டாலராக வசூலாகும் பணம் அவள் தெருவுக்குத் திரும்பி வருகிறது. வரியை எதிர்த்து வழக்கு நடந்த காலத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்காமல் வைத்திருந்தார்கள். 2018 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்று சொன்ன பிறகுதான் வேலைகள் வேகம் பிடித்தன.

இதற்கு நேர் எதிர் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டி, அதாவது குக் மாவட்டம். 2017 ஆகஸ்டில் வரி வந்தது, அக்டோபரில் ரத்து செய்யத் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 1ஆம் தேதி வரி இல்லை. பட்ஜெட் பள்ளத்தை நிரப்பத்தான் இந்தப் பணம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. எதிர்த்து நின்ற கம்பெனிகளின் விளம்பரப் பணமும் சேர்ந்துகொள்ள, வரியின் பக்கம் நிற்க ஆள் இல்லை.

டயட் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. கென்னி முதலில் கேட்டது சர்க்கரை பானத்துக்கு மட்டும் அவுன்ஸுக்கு மூன்று சென்ட். பேரம் பேசி அதைப் பாதியாக்கி, வசூல் குறையாமல் இருக்க டயட்டையும் உள்ளே இழுத்தார்கள். விளைவு? சர்க்கரையிலிருந்து டயட்டுக்கு மாறுபவருக்கு ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. (இந்தியாவில் இப்போதைய 40 சதவீத ஜி.எஸ்.டி.யிலும் இதே குறைதான். இனிப்பூட்டி எதுவானாலும் ஒரே வரி.) பிரிட்டன் 2018இல் வேறு மாதிரி செய்தது. நூறு மில்லிலிட்டரில் ஐந்து கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை, எட்டு கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. வரி அமலுக்கு வருமுன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. வாங்குபவரைத் தண்டிக்காமல் தயாரிப்பவரைத் திருத்தும் வழி அது. ஒரு நகரத்துக்காக மட்டும் எந்தக் கம்பெனியும் தன் கலவையை மாற்றாது, அது உண்மை. ஆனால் பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் முழுக்க இப்படி ஒரு வரி வந்தால் பேச்சு வேறு, உங்கள் ஊர்க் கடைக்கு ஓடி வரும் வேலையும் இருக்காது.

கடைசியாக எடை. பிலடெல்பியா குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. சியாட்டிலில் சிறிய இறக்கம் தெரிந்தது. ஒரு கேன் கோலாவில் கிட்டத்தட்ட 39 கிராம் சர்க்கரை. அது குறைவது நல்லதுதான், ஆனால் ஒரு பிள்ளையின் எடையைத் தீர்மானிப்பதில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பல் விஷயம் அப்படியில்லை, சர்க்கரை நேராகப் போய்த் தாக்குவது அங்கேதான். பிலடெல்பியாவில் எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பற்களில் மாற்றம் தெரியவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் இருப்பவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, புதிதாகச் சொத்தையாகும் பற்கள் குறைந்திருந்தன. வரியை அதிகம் கட்டியவர்கள் என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்களே, அதே மக்கள்தான்.