உரத்த நடிப்பும் அடங்கிய நடிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் களியக்காவிளையில் ஒரு சிறிய துணிக்கடை நடத்திவருகிறேன். கடையடைத்த பிறகு படம் பார்ப்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. எங்கள் பகுதியில் இரண்டு மொழிப் படங்களையும் பார்ப்பவர்கள்தான் அதிகம். தமிழ்ப் படத்துக்கு மார்த்தாண்டம் போவோம். மலையாளப் படம் என்றால் எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, இல்லையென்றால் திருவனந்தபுரம். ஓடிடி வந்த பிறகு பெரும்பாலும் வீட்டிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம்.

அண்மையில் மலையாளத்தில் ‘உள்ளொழுக்கு’, ‘ஆவேசம்’, தமிழில் ‘லப்பர் பந்து’, ‘கொட்டுக்காளி’ ஆகிய நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். ‘உள்ளொழுக்கு’ படத்தில் ஊர்வசியின் நடிப்பு என்னை உலுக்கிவிட்டது. என் மாமியார், “அந்தத் தள்ளை கரையாம இருக்கும்பதான் எனக்கு நெஞ்சு அடைக்குது” (அந்தத் தாய் அழாமல் இருக்கும்போதுதான்) என்றார். ‘லப்பர் பந்து’ தினேஷையும் மிகவும் பிடித்தது. ‘ஆவேசம்’ படத்தில் ஃபகத் பாசிலை ரசித்தேன், ஆனால் அது நல்ல நடிப்பா, வெறும் ஆட்டமா என்று தெரியவில்லை. ‘கொட்டுக்காளி’யில் சூரிதான் படத்தைத் தாங்கினார், அன்னா பென் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

என் கொழுந்தன், “மலையாளிகள் நடிப்பது நடிப்பாகவே தெரியாது, நம்மவர்கள் கத்துவார்கள்” என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை. திரைப்படம் பற்றி எதுவும் படித்திராத என்னைப் போன்றவர்கள் நடிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?

ஒரு வாசகி, களியக்காவிளை

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சொல்லலாம். ஒளிப்பதிவைப் பற்றியோ படத்தொகுப்பைப் பற்றியோ பேசுவதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் மெய்யாகப் பேசுகிறாரா, பேசுவதுபோலக் காட்டிக்கொள்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி, நாள் முழுவதும் கடையில் வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு எந்த விமர்சகரையும்விட அதிகமாகவே இருக்கும். உங்கள் மாமியாரின் அந்த ஒரு வாக்கியம் அதற்குப் போதிய சான்று.

உங்கள் கொழுந்தன் சொல்வதற்கு முதல் மறுப்பு ஊர்வசியேதான். அவரை நாம் 1983-இல் ‘முந்தானை முடிச்சு’ வழியாக அறிந்தோம். 1990-இல் ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் திரிபுரசுந்தரியாக வந்து, ஒரு கணமும் ஓயாத குரலோடும் கண்களோடும் நம்மைச் சிரிக்கவைத்தவர் அவர். அந்த நடிப்பை அடங்கிய நடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதே நடிகைதான் ‘உள்ளொழுக்கு’ படத்துக்காக, 2025-இல் அறிவிக்கப்பட்ட 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு முறையும் அந்தப் பக்கம் இன்னொரு முறையும் வைத்துக்கொண்டு ஒருவர் நடிக்க முடியாது. காட்சி கேட்டதை அவர் கொடுத்தார், அவ்வளவுதான்.

(அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.) குட்டநாட்டில் வெள்ளம் வடியாததால் மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல் காத்திருக்கும் லீலாம்மா, மருமகள் கருவுற்றிருப்பதை அறிந்துகொள்ளும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மகன் போய்விட்டான், அவனுடைய குழந்தை வரப்போகிறது என்று அவள் நம்புகிறாள். துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மகிழ்ச்சியை எடுத்துப் போட்டுக்கொள்வது எளிதான நடிப்பு. ஊர்வசி அப்படிச் செய்வதில்லை. அழுது வீங்கிய அதே முகத்தில், துக்கம் சற்றும் விலகாமலே, மருமகளைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறுகிறது. அதுவரை வீட்டில் இருந்த ஒருத்தி இப்போது காக்கப்படவேண்டியவள் ஆகிவிடுகிறாள். அந்தக் குழந்தை தன் மகனுடையதல்ல என்று தெரியவரும்போது நமக்கு ஏற்படும் வலி முழுவதும் இந்தப் பார்வை முன்பே சேர்த்துவைத்ததுதான். மருமகளாக நடித்த பார்வதி திருவோத்தின் பங்கும் இதில் சரிபாதி. மாமியாரின் அன்பை வாங்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் அவர் திணறுவதால்தான் ஊர்வசியின் அன்பு நமக்குத் தெரிகிறது.

நடிப்பை நான் பார்க்கும் முறை இதுதான். நடிகர் எவ்வளவு உரக்கப் பேசுகிறார், எவ்வளவு அடங்கியிருக்கிறார் என்பதை நான் முதலில் கவனிப்பதில்லை. எதிரே இருப்பவர் சொல்வதும் செய்வதும் அவரை வந்து தொடுகின்றனவா என்றே கவனிக்கிறேன். தொட்டால் கத்தலும் நல்ல நடிப்பு. தொடாவிட்டால் மௌனமும் போலிதான். முகத்தை இறுக்கிக்கொண்டு, வசனத்துக்கு வசனம் நீண்ட இடைவெளி விட்டு, ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டிருப்பதை யதார்த்தம் என்று நம்புகிற நடிகர்கள் இரண்டு மொழியிலும் பெருகிவருகிறார்கள். மிகை நடிப்பைவிட எனக்கு அது அதிக எரிச்சலைத் தருகிறது.

‘ஆவேசம்’ பற்றிய உங்கள் ஐயமும் இங்கேயே தீர்ந்துவிடும். பெங்களூருவில் மலையாளமும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டு, வெள்ளை உடையும் தங்கச் சங்கிலிகளுமாகத் திரியும் ரங்கன் என்ற தாதாவைவிட உரத்த பாத்திரம் அண்மைக் காலத்தில் தமிழில்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஃபகத் அந்த ஆட்டத்தை நம்மைப் பார்த்து ஆடவில்லை. ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் தன்னிடம் வந்துசேர்ந்த மூன்று கல்லூரி மாணவர்களின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து, இவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று தேடுகிறார். சைகையால் படப்பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டுக் காட்சியில் அந்தத் தேடல் அச்சமூட்டுவதாக மாறும் நொடியை மறுபடி பாருங்கள். அன்புக்கு ஏங்குகிற ஒருவன் கையில் அதிகாரமும் இருந்தால் எவ்வளவு ஆபத்தானவன் என்பது அங்கே தெரியும். அது ஆட்டம் அல்ல, முதல் தரமான நடிப்பு.

தமிழ் நடிப்பில் உரத்த தன்மை ஏன் வந்தது என்பதையும் உங்கள் கொழுந்தனிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் குரலைக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்த நாடகக் கம்பெனிகளில் பயின்றவர்கள்தான் நமது முதல் தலைமுறைத் திரை நடிகர்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் கடும் உழைப்பும் ஒழுங்கும் இருந்தன. அதைக் கத்தல் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. அதே தமிழ் நாடகக் குழுக்கள் திருவிதாங்கூர் முழுவதும் சுற்றியிருக்கின்றன. தொடக்ககால மலையாள இசை நாடகம் அவற்றிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டது. மலையாளத்தின் முதல் கதைப்படமான ‘விகதகுமார’னை எடுத்த ஜே.சி. டேனியலோ அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது கோடு போட்டது நிலத்தில்தான். அதே கோட்டை நடிகர்களின் முகங்களிலும் போடப் பார்க்கிறார் உங்கள் கொழுந்தன், அதுவும் களியக்காவிளையில் இருந்துகொண்டு.

‘லப்பர் பந்து’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தினேஷை உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. விஜயகாந்த் பாட்டு ஒலிக்க மட்டையோடு நடந்துவரும்போது மைதானமே தன்னுடையது என்கிற தோரணை. வீட்டில் மனைவி முன்னால் நிற்கும்போது அதே தோள்கள் இறங்கிவிடுகின்றன. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நாம் நம்புகிறோம். அந்த மனைவியாக, குரலெடுத்துப் பேசும் தமிழ்க் கிராமத்துப் பெண்ணாக நடித்த சுவாசிகா யார்? கேரள அரசின் திரைப்பட விருது பெற்ற மலையாள நடிகை.

ஆனால் உங்கள் கொழுந்தனின் பேச்சில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நல்ல மலையாளத் திரைக்கதைகள் துணைப் பாத்திரங்களுக்கும் சொந்தமாக ஒரு கவலையையும் ஒரு வேலையையும் கொடுக்கின்றன. நமது பெரிய நட்சத்திரப் படங்களில் நாயகனைச் சுற்றி நிற்பவர்கள் அவனை வியப்பதற்காக மட்டுமே எழுதப்படுகிறார்கள். அப்படிப்பட்ட காட்சியில் நாயக நடிகர் யார் பேச்சைக் கேட்பார்? கேட்க ஒருவரும் இல்லாதபோது கேமராவைப் பார்த்து உரக்கப் பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. குறையை எழுத்தில் தேடவேண்டும். நடிகரின் தாய்மொழியில் தேடக்கூடாது.

இனி, உங்களோடு நான் முற்றாக வேறுபடும் இடம் ‘கொட்டுக்காளி’. வேறொருவனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, அவளை மணக்க இருக்கும் பாண்டியும் உறவினர்களும் ஆட்டோவில் சாமியாரிடம் கூட்டிப்போகும் கதை அது. சூரியைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. தொண்டையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கட்டிப்போன குரலோடு, நகைச்சுவை நடிகராக நாம் அறிந்த ஒரு மனிதர் இவ்வளவு அடக்கிவைத்த கோபத்தைத் தாங்கிவருவது பெரிய செயல். ஆனால் அந்தக் கோபம் எதில் போய் முட்டுகிறது? மீனாவாக வரும் அன்னா பென்னின் மௌனத்தில். பின்னணி இசையே இல்லாத படம் அது. ஆட்டோ இரைச்சலும் உறவுக்காரர்களின் பேச்சும் மட்டுமே கேட்கும் இடத்தில், ஏறத்தாழப் பேசாமலே ஒரு நடிகை கடைசிவரை நம் கவனத்தைத் தன்மேல் வைத்திருக்கவேண்டும். கண்ணீர் விட்டிருந்தால் நமக்கு இரக்கம் வந்திருக்கும், முறைத்திருந்தால் வீரம் தெரிந்திருக்கும். அன்னா பென் இரண்டையும் மறுத்துவிடுகிறார். தன்னைச் சுற்றி நடக்கும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, எதற்கும் பிடிகொடுக்காமல் இருக்கிறார்.

வழியில் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும்போது மீனா தன்னையறியாமல் முணுமுணுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அந்தச் சிறு முணுமுணுப்புக்குத்தான் சூரி நடித்த பாண்டி வெறிகொண்டு எல்லோரையும் அடிக்கிறான். அதுவரை அவள் உதடுகள் எவ்வளவு இறுகியிருந்தன என்பதை நாம் பார்த்திருப்பதால்தான் அந்த அசைவு நமக்கு ஒரு விடுதலையாகவும், பாண்டிக்கு ஒரு துரோகமாகவும் படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் நடிகையால் அந்த அதிர்ச்சியைத் தயாரித்து வைத்திருக்க முடியாது.

படம் முழுவதையும் மறுபடி பார்க்க நேரமில்லை என்றால், ஆட்டோ புறப்படுவதிலிருந்து அந்தப் பாட்டு வரைக்குமாவது, பேசுகிறவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றே உங்களுக்குப் பட்டால் எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்.