வாசகர் கேள்வி-பதில்: காலி மனையில் லாலாங்

கேள்வி: பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு காலி மனை இருக்கிறது. லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது. 14 நாளில் துப்புரவு செய்யச் சொல்லி மாநகர் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்துள்ளது. போன வருஷம்தான் ஆள் வைத்து வெட்டினேன். இந்த முறை கொளுத்திவிட்டால் வேரோடு போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, பிறை

பதில்: கொளுத்தவே வேண்டாம் அம்மா. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. அபராதம் லட்சக்கணக்கான ரிங்கிட் வரை போகலாம். அதோடு, தீ லாலாங்கைக் கொல்லாது. மேலே இலைதான் கருகும். மண்ணுக்குள் வெள்ளையாக, கணுக்கணுவாக ஓடும் கிழங்கு அப்படியே இருக்கும். சூடு பட்டால் பூப்பதும் அதிகமாகும். பஞ்சு போன்ற அந்தப் பூ காற்றில் பறந்து பக்கத்து மனைக்கும் போகும். மண்வெட்டியால் கொத்துவதும் உதவாது. துண்டான கிழங்கில் ஒரு கணு இருந்தாலே முளைத்துவிடும்.

நோட்டீஸ் 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி வந்திருந்தால், குறித்த நாளைக் கடத்தினால் விஷயம் நீதிமன்றம் வரை போகும். அதனால் முதலில் புல்வெட்டும் மெஷினால் வெட்டுங்கள். கல் தெறிக்கும், 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. புல்லுக்குள் கிடக்கும் டயர், தகரம், தேங்காய்ச் சிரட்டையைப் பொறுக்கி எடுங்கள். அவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளில் வளர்ந்துவிடும். அதற்குத் தனிச் சட்டம், தனி அபராதம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் தேதி தெரியும்படி படம் எடுத்து, நோட்டீஸ் எண்ணோடு மன்றத்துக்கு அனுப்புங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் அதோடு முடிந்தது, கிழங்குக்கு இல்லை. போன வருஷம் வெட்டியது வீணானது இங்கேதான். தளிர் ஒன்றரை அடி வளரும்வரை பொறுத்திருந்து கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தை அடியுங்கள். பச்சை இலை இருந்தால்தான் மருந்து கிழங்குக்கு இறங்கும். 41 சதவீத மருந்தென்றால் பொதுவாக லிட்டருக்கு 10 மில்லி. 16 லிட்டர் முதுகுப் பம்புக்கு 160 மில்லி. பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலக்காதீர்கள், சேறு மருந்தை முடக்கிவிடும். அடித்து ஆறு மணி நேரம் மழை கூடாது. பினாங்கில் மாலை மழை வழக்கமென்பதால், பனி காய்ந்ததும் காலையிலேயே அடித்துவிடுவது நல்லது. மூன்று வாரம் வெட்டாமல் விடுங்கள். மறுபடி முளைப்பதற்கு இன்னொரு முறை அடிக்கவேண்டி வரும். பாரகுவாட் என்ற பழைய களைக்கொல்லி பாட்டில் வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். 2020 ஜனவரி முதல் அது தடை.

கேள்வி: பக்கத்து மனைக்காரர் யாரென்றே தெரியவில்லை. அந்த மனையில் மண்டிக் கிடப்பதை நானே போய் வெட்டிவிடலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: அனுமதியில்லாமல் நுழைந்தால் அத்துமீறல் ஐயா. உங்கள் எல்லைக்குள் நீட்டும் கிளையை மட்டும் வெட்டலாம். அந்த மனையின் லாட் எண்ணைக் கொடுத்து, நிலப் பதிவகத்தில் கட்டணம் கட்டித் தேடினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். அந்த எண்ணையும் படத்தையும் சேர்த்து மாநகர் மன்றத்தில் புகார் கொடுங்கள். தெருப் பெயரை மட்டும் எழுதினால், எந்த மனை என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.