கார்ட்டூன்தானே என்று போட்டுவிடலாமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லை ஊர்களில் நூலகப் பாலவேதிகளுக்கு (சிறுவர் மன்றங்களுக்கு) குறும்படங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கேரள, ஆந்திர எல்லைகளில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (அங்கன்வாடி ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை): டீச்சர், யூடியூபில் உள்ள அனிமேஷன் குறும்படங்களுக்குத் தணிக்கை உண்டா? 'குழந்தைகளுக்கானது' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: தணிக்கை இல்லை. திரையரங்குக்கு வரும் படத்துக்குத்தான் தணிக்கை வாரியம் யு, யுஏ, ஏ என்று சான்றிதழ் தருகிறது. 2024இல் வந்த விதிகள் யுஏ பிரிவை 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாக்கியிருக்கின்றன. ஓடிடி நிறுவனங்கள் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இதே போன்ற வயதுக் குறியீட்டைத் தாங்களே இட்டுக்கொள்கின்றன. தனி ஒருவர் யூடியூபில் ஏற்றும் படம் இவ்விரண்டு வலைகளிலும் சிக்குவதில்லை. நீங்கள் சொல்லும் குறிப்பைப் பெரும்பாலும் படத்தை ஏற்றியவரே இடுகிறார். குழந்தைகளின் தகவல்களைத் திரட்டியது தொடர்பாக 2019இல் அமெரிக்காவில் யூடியூப் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. ஆகவே அது தகவல் சேகரிப்பையும் விளம்பரத்தையும் பற்றியதே தவிர, யாரோ பெரியவர் ஒருவர் படத்தை முழுக்கப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு அடையாளம் அல்ல. குழந்தைகளுக்குப் பழகிய பாத்திரங்களை வைத்துக் கொடூரங்களைக் காட்டிய படங்கள் 2017இல் பெரும் சர்ச்சையானபோது, அவற்றுள் சில குழந்தைகளுக்கென்றே உள்ள செயலியிலும் புகுந்திருந்தன.

கேள்வி (ஒரு தந்தை, கோபாலபுரம்): படம் இனிமையாகத்தான் தொடங்கியது. முடியும்போது என் ஐந்து வயது மகள் அழுதுவிட்டாள். இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் கையில் கொடுப்பதுதான் பலரும் செய்வது; குறும்படத்தில் அது போதாது. முழுநீளப் படத்தில் ஒரு தாய் இறந்தாலும், குட்டி வளர்ந்து, நண்பர்களைப் பெற்று, மீண்டும் சிரிப்பதற்கு ஒரு மணி நேரம் மிச்சமிருக்கும். ஏழெட்டு நிமிடப் படத்தில் திருப்பம் பெரும்பாலும் கடைசிக்குச் சற்று முன்னால்தான் வரும், குழந்தை தேறுவதற்கு அவகாசம் இருக்காது. அதனால் கடைசிப் பகுதியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

2018இல் பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் வெளியிட்ட 'பாவ்' இதற்கு நல்ல உதாரணம். தனிமையில் வாடும் தாய்க்கு, ஆவியில் வேகவைத்த பண்டம் ஒன்று உயிர்பெற்றுக் குழந்தையாகிறது; அது வளர்ந்து வீட்டைவிட்டுப் போகத் துணியும்போது அவள் அதை விழுங்கிவிடுகிறாள். பிரிந்துபோன மகனைப் பற்றிய கதை இது என்று பெரியவர்களுக்குச் சற்று நேரத்தில் விளங்கிவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ ஓர் அம்மா தன் பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்பது மட்டுமே மனத்தில் நிற்கும். ஆனாலும் உண்மையான மகன் திரும்பி வந்து, குடும்பம் ஒன்றாக அமர்ந்து சமைப்பதில் படம் முடிவதால், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்து காட்டலாம் என்பது என் கருத்து. 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ' என்ற 2020ஆம் ஆண்டுப் படம் அப்படிப்பட்டதல்ல. மென்மையான கோட்டோவியம், ஒரு பூனை, ஒரு சிறுமி என்று பார்ப்பவரை ஏமாற்றும் அந்தப் படம், பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோரின் துயரம். ஆஸ்கர் வாங்கிய படம். ஆயினும் தொடக்கப் பள்ளிக்கு அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (எஸ்டேட் பள்ளி ஆசிரியர், மூணாறு): என் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் சாதாரண முகமூடியைப் பார்த்தே அலறுகிறார்கள். பெரிய பிள்ளைகள் பூதத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மழை, மண்சரிவு வரும் படத்துக்கோ மிரண்டுவிட்டார்கள். வயதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நீங்கள் கண்டதையே ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தை தோற்றத்தைக் கண்டு அஞ்சுகிறது: கோரமான பல், திடீரென்று மாறும் முகம், பெருத்துப்போகும் உடல். நல்லவரே அப்படி மாறினாலும் அச்சம் குறைவதில்லை. அதற்குப் பின், நிஜத்தில் நடக்கக்கூடியதைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறது. 2020 ஆகஸ்டில் உங்கள் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தொழிலாளர் லயங்களை (வரிசை வீடுகளை) மண் மூடியதைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் திரையில் சரியும் மலை கற்பனை அல்ல. எந்த நாட்டு வயதுக் குறியீடும் இதை அறியாது. உங்கள் வகுப்பில் அத்தகைய படத்தைத் தவிர்ப்பதே நல்லது.

ஆறுதல் சொல்லும் முறையும் வயதுக்கேற்ப மாறும். நாலு வயதுக் குழந்தையிடம் "அது நிஜமில்லை" என்று விளக்குவதால் பெரும் பயன் இல்லை. படத்தை நிறுத்தி, மடியில் அமர்த்தி, குடிக்க ஏதாவது கொடுப்பது உதவும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளக்கமே மருந்து.

கேள்வி (ஒரு தாய், நகரி): மகனுக்கு வலிப்பு உண்டு. கார்ட்டூன் பார்க்க விடலாமா?

பதில்: மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், ஏனெனில் எல்லா வலிப்பும் ஒளியால் தூண்டப்படுவதல்ல. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியபோது, அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது இன்றைய பொது வழிகாட்டுதல். தனியார் ஏற்றும் படங்களில் அதை யாரும் சோதிப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க விடாதீர்கள், திரையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள்.

கேள்வி (நூலக ஊழியர், வேலந்தாவளம்): எங்களிடம் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்கள். வசனமே இல்லாத படம் என்றால் கவலையின்றிப் போடலாம் அல்லவா?

பதில்: மொழிச் சிக்கல் தீரும், கவலை தீராது. வசனமில்லாத படத்தில் அச்சத்தைக் கட்டுவது இசையே. முதலில் ஒலியை நிறுத்திவிட்டும் பிறகு ஒலியுடனும் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே தெரியும். 2016இல் வந்த 'பைப்பர்' உங்கள் கூட்டத்துக்கு ஏற்றது. ஆறு நிமிடப் படம். அலைக்கு அஞ்சும் பறவைக்குஞ்சு தானே துணிகிறது, தாய்ப் பறவையும் கடற்கரையில்தான் இருக்கிறது. மிக்கேல் டுடோக் டி விட் இயக்கிய 'ஃபாதர் அண்ட் டாட்டர்' எட்டு நிமிடம். படகில் போன அப்பாவுக்காக ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் காத்திருக்கிறாள். அதை ஐந்தாம் வகுப்புக்குக் கீழே காட்ட வேண்டாம். வளைகுடாவில் அப்பா வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னும் யோசியுங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி, குப்பம்): நீதிக் கதைப் படங்களில் ரத்தமும் இல்லை, பேயும் இல்லை. அவை போதாதா?

பதில்: அவற்றைத்தான் அம்மா, நான் கூடுதலாகச் சலிக்கிறேன். அரக்கன் கறுப்பாகவும் இளவரசி வெளுப்பாகவும் இருப்பார்கள். குண்டுப் பையன் கேலிக்கே பிறந்திருப்பான். மாமியாரும் மாற்றாந்தாயும் எப்போதும் கெட்டவர்கள். பேய்ப் படத்தின் பயம் சில இரவுகளில் போய்விடுகிறது. தன் நிறத்தைப் பற்றி ஒரு குழந்தைக்கு வந்துவிடும் எண்ணம் அவ்வாறு போவதில்லை. அத்தகைய படத்தைக் குழந்தை ஏற்கெனவே பார்த்துவிட்டால், நீதி என்ன என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தில் யாராக இருக்க உனக்குப் பிடிக்கும், யாராக இருக்கப் பிடிக்காது என்று கேளுங்கள். காரணத்தை அதுவே சொல்லும்.