தெரிஞ்சேதானே போறாங்க?

கேள்வி: போர் நடக்குற இடம்னு தெரிஞ்சேதான் இந்த நிவாரணக்காரங்க போறாங்க. அப்புறம் செத்துட்டா எதுக்கு இவ்வளவு கூப்பாடு? உயிர் பயம் இருந்தா ராணுவக் காவலோட போக வேண்டியதுதானே?

பதில்: 'போறாங்க'ன்னு எழுதினீங்க பாருங்க, அங்கேயே சறுக்கிட்டீங்க. உங்க மனசுல ஓடுறது பிளைட்ல வந்து எறங்கி ஜீப்ல ஏறுற வெள்ளைக்கார டாக்டர். 2024ல உலகம் முழுக்க கொல்லப்பட்ட நிவாரணப் பணியாளருங்க 383 பேருன்னு ஐ.நா. கணக்கு, காஸாவுல மட்டும் 180க்கு மேல, இதுல பெரும்பாலானவங்க அந்தந்த ஊர்க்காரங்க. லாரி ஓட்டுறவரு, குடோன்ல மூட்டைக்கு கணக்கு எழுதுறவரு, நர்ஸம்மா. இவங்க எங்க சார் போனாங்க, சண்டை இவங்க தெருவுக்கு வந்துச்சு. நிலைமை கைமீறினா வெளிநாட்டுக்காரங்கள ஏத்திட்டுப் போக பிளைட் வரும், உள்ளூர்க்காரரு அங்கேயே நிக்கணும், 1994ல ருவாண்டாவுல அப்படித்தான் நடந்துச்சு.

இலங்கையில மூதூர் ஞாபகம் இருக்கா? 2006 ஆகஸ்ட். ஏ.சி.எஃப்.ங்கிற பிரெஞ்சு நிவாரண நிறுவனத்துல வேலை பார்த்த 17 பேரு, 16 தமிழருங்க, ஒரு முஸ்லிம், சுனாமியில அடிபட்ட சனங்களுக்கு தண்ணி, கழிவறை வசதி செஞ்சு குடுத்துட்டிருந்தவங்க. திடீர்னு சண்டை மூண்டு ஊரைவிட்டு வெளிய வர வழியில்லாம மாட்டிக்கிட்டாங்க, நம்ம பேரு போட்ட கட்டடம், அதுக்குள்ளயே இருங்க அதான் பத்திரம்னு மேல இருந்து சொன்னாங்க, இவங்களும் இருந்தாங்க. ஆகஸ்ட் 4ஆம் தேதி சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆபீஸ் வளாகத்துலயே குப்புறக் கிடந்தாங்க, நிறுவனத்தோட பேரு போட்ட டீ-ஷர்ட்டோட.

இப்ப உங்க ராணுவக் காவலுக்கு வரேன். ஒரு தரப்போட சிப்பாய் உங்க வண்டியில ஏறின அடுத்த நிமிஷமே எதிர்த்தரப்புக்கு அது எதிரி வண்டி, சாமான் வாங்க வர்ற சனமும் இவன் யாரு ஆளுன்னு யோசிச்சு வராம நின்னுடும். செக்போஸ்ட்ல கண்ணாடியை எறக்கிவிட்டு, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல தெரியுற மாதிரி வச்சுக்கிட்டு, தன் தம்பி வயசுப் பையன்கிட்ட பொறுமையா பேசுற டிரைவரு இருக்காரே, அவரோட நம்பிக்கையே என்கிட்ட துப்பாக்கி இல்லைங்கிறதுதான். காவலே வேண்டாம்னு அடம் பிடிச்சவங்க மட்டும் இருக்காங்கன்னு நினைக்காதீங்க, சோமாலியாவுல எம்.எஸ்.எஃப்.ங்கிற, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேற வழியில்லாம ஆயுதக் காவலும் வச்சுத்தான் பார்த்தது, 22 வருஷத்துல 16 பேரைப் பறிகொடுத்துட்டு 2013ல மூட்டை கட்டிக்கிட்டு வெளியேறுச்சு.

சரி, நாங்க இங்க இருக்கோம் அடிச்சிடாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டா? அதுவும் சொல்றாங்களே. ஆப்கானிஸ்தான் குந்தூஸ்ல அதே எம்.எஸ்.எஃப். தன்னோட ஆஸ்பத்திரியோட ஜி.பி.எஸ். நம்பரை முன்னாடியே குடுத்து வச்சிருந்தது, 2015 அக்டோபர் 3ஆம் தேதி ராத்திரி அமெரிக்க விமானம் அடிக்க அடிக்க போன் போட்டும் கத்தினாங்க, 42 பேர் செத்தாங்க. அமெரிக்க ராணுவத்துல 16 பேர் மேல துறைரீதியா நடவடிக்கை, அவ்வளவுதான், கிரிமினல் கேஸ் ஒண்ணுகூட கிடையாது. 2024 ஏப்ரல் 1, காஸாவுல சாப்பாடு குடுக்குற வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்போட ஆளுங்க போற ரூட்டை இஸ்ரேல் ராணுவத்துக்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினாங்க, வண்டி கூரையிலயும் சின்னம் போட்டிருந்துச்சு, மூணு வண்டியும் ஒண்ணு மாத்தி ஒண்ணா அடிபட்டு 7 பேர் காலி. இதுல எந்த ஜாக்கிரதையை இவங்க விட்டுட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க. அடிக்கிறவனைக் கேக்க வேண்டிய கேள்வியை அடி வாங்கினவன்கிட்ட கேட்டு அனுப்பியிருக்கீங்க.

இதையும் பாருங்க, 2025 மார்ச்ல காஸாவோட ரஃபாவுல ஆம்புலன்ஸ்காரங்க, மீட்புப் படை ஆளுங்க, ஒரு ஐ.நா. ஊழியர்னு 15 பேரு சுடப்பட்டு மண்ணுக்குள்ள புதைக்கப்பட்டாங்க. லைட்டு போடாம சந்தேகப்படுற மாதிரி வண்டிங்க வந்துச்சுன்னு இஸ்ரேல் ராணுவம் மொதல்ல சொல்லுச்சு. செத்துப்போன ஒரு ஊழியரோட போன்ல வீடியோ கிடைச்சுது, அதுல எல்லா வண்டியிலயும் லைட்டு எரியுது, ராணுவம் பேச்சை மாத்திக்கிச்சு. மூதூர்ல அப்படி ஒரு போன் கிடைக்கல, ஒருத்தருக்கும் தண்டனையும் கிடைக்கல.