பாக்கி வராவிட்டால் சாஃப்ட்வேரைப் பூட்டலாமா? – கணினித் தொழில் கேள்வி பதில்

மார்ச் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பணப் பாக்கி பற்றித்தான். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இடத்தை வேறு கேள்விகளுக்கு விட்டிருக்கிறேன்.

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்துக்குச் சரக்கு இருப்புக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். பேசியது மூன்று லட்சம், வந்தது ஒன்றரை லட்சம். மீதிக்கு ஏழு மாதமாக "அடுத்த வாரம்" என்கிறார்கள். சர்வர் பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது. ஒருநாள் நிறுத்தி வைத்தால் ஓடி வந்து கொடுப்பார்கள் என்கிறான் நண்பன். செய்யலாமா? (ஈரோடு)

செய்யாதீர்கள். ஆத்திரம் புரிகிறது. 2009-இல் எனக்கும் ஒரு நூற்பாலையிடம் இப்படிப் பாக்கி நின்றது. வீட்டிலிருந்தபடியே அவர்கள் சர்வருக்குள் நுழைந்துவிட்டேன்; என்டர் தட்ட வேண்டியதுதான் மிச்சம். அப்போதுதான் அன்று சனிக்கிழமை என்பது உறைத்தது. அங்கே கூலி போடும் நாள். பூட்டியிருந்தால் முதலாளிக்கு ஒரு மயிரிழைச் சேதமும் இல்லை. சாயங்காலம் கவுன்ட்டரில் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. உரியவர் அனுமதியில்லாமல் கணினியைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர வேண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபணமானால் 66-ஆம் பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். கடன்காரர் அவர், ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது நீங்கள் என்றாகிவிடும்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கிறீர்களா? இருந்தால் உங்கள் கையில் வேறு ஆயுதம் இருக்கிறது. சிறுதொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதிந்தால் அது, இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளை விசாரிக்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். ஒரு எச்சரிக்கை: வேலை தொடங்கும் முன்பே உத்யம் பதிவு செய்திருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். பிரச்சினை வந்த பிறகு பதிந்துகொண்டு போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு கடிதம் எழுதுங்கள். முதலாளிக்கு எழுதி, ஒரு பிரதியை அவருடைய ஆடிட்டருக்கும் அனுப்புங்கள். வருமான வரிச் சட்டப்படி, 2023-24 கணக்காண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். அதுவரை அந்தத் தொகை லாபத்தில் உட்கார்ந்து வரியைக் கூட்டும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதிக் கொடுக்கும் உங்களுக்கு உண்டு. உத்யம் எண், பில் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். மிரட்டல் வேண்டாம், இரண்டு பத்தி போதும். என் அனுபவத்தில் ஏழு மாதம் போனை எடுக்காத முதலாளிகூட ஆடிட்டர் கூப்பிட்டால் எடுப்பார்.

அடுத்த வேலையில் பூட்டு வைக்க ஆசையா? தாராளமாக வையுங்கள், ஆனால் பூட்டு இருப்பதை முதல் நாளே எழுதிச் சொல்லிவிட்டு வையுங்கள். நான் இப்போது செய்வது இது: தவணை தவறி 30 நாள் ஆனால் புதுப் பதிவு போட முடியாது, பழைய கணக்கைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம், எக்செலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அட்மின் பாஸ்வேர்ட் ஒட்டிய கவரில் வாடிக்கையாளர் பீரோவில். சாஃப்ட்வேர் உங்களுடையது, அவர் கணக்கு அவருடையது.

நெல் உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டைக் கண்காணிக்கும் சின்ன போர்டு ஒன்றை நானும் நண்பரும் செய்து அரிசி ஆலைகளுக்குத் தருகிறோம். எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஒரே ஒரு ஆலையில் மட்டும் மாதம் ஒன்று செத்துப்போகிறது. நான்கு முறை இலவசமாக மாற்றிவிட்டோம். "உங்கள் வயரிங் சரியில்லை" என்று சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று பார்ட்னர் பயப்படுகிறார். (மன்னார்குடி)

சொல்வதா வேண்டாமா என்பது அப்புறம் இருக்கட்டும் தம்பி. முதலில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மோட்டார்கள் எல்லாம் லோடோடு ஓடும்போது, உங்கள் போர்டுக்குக் கரன்ட் வரும் பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நான் ஒரு ஆலையில் பார்த்தபோது முள் நாற்பதைத் தொட்டது. எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாக இறங்கி, தண்ணீர்க் குழாயில் சுற்றி முறுக்கியிருந்தது. அந்தக் காலத்து இரும்புக் குழாய்தான். ஆனால் தரைக்கு ஓரடி மேலே வெட்டி, பிவிசி போட்டு ஒட்டியிருந்தார்கள். குழாய் ரிப்பேர் செய்த பிளம்பருக்கு அந்தக் கம்பி எதற்கென்று தெரிய நியாயமில்லை. அன்றிலிருந்து அந்த ஆலைக்கு எர்த்தே இல்லை.

உங்கள் ஆலையிலும் இப்படி ஏதாவது இருந்தால், போர்டு சாவது சின்ன விஷயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் உலர்த்தியின் தகரத்தைத் தொடுகிறார், தினமும் தொடுகிறார். ஆகவே ஆர்டர் போனாலும் சொல்லியே ஆக வேண்டும். சொல்கிற விதம் உங்கள் கையில். முதலாளியையும் அவருடைய எலெக்ட்ரீஷியனையும் ஒன்றாக வைத்துக்கொண்டு மீட்டரைக் காட்டுங்கள். எலெக்ட்ரீஷியனை முதலாளி முன்னால் மட்டம் தட்டாதீர்கள், நாளைக்கு அந்த எர்த் குழியைத் தோண்டப் போகிறவர் அவர்தான். அளவையும் தேதியையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அதே சமயம், உங்கள் போர்டு சுத்தம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, சென்சர் வயர் மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் போகிறது. சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் சென்சர் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். பக்கத்தில் 20 எச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அந்தக் குரல் எங்கே கேட்கும்? தனிப் பைப், ஷீல்டு உள்ள வயர். இரண்டு, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டரின் காயில் விடும் நேரத்தில் கிளம்பும் ஸ்பைக்குக்குத் தடுப்பே இல்லை. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராகப் போட்டால் டீ செலவுக்குள் முடியும். மூன்று, போர்டின் மூளையான இஎஸ்பி32 சிப்புக்குக் கரன்ட் கொடுப்பது ஏதோ செல்போன் சார்ஜர் மாதிரி இருக்கிறது. வைஃபை அனுப்பும் கணத்தில் அது கேட்கும் திடீர் கரன்ட்டை மட்டமான சார்ஜர் தாங்காது. போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போடுங்கள்.

படத்தில் தெரியாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் போர்டு ஹேங் ஆனால் பர்னர் என்ன ஆகும்? எரிந்துகொண்டே இருக்கும் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். ரிலே விட்டால் பர்னர் அணைய வேண்டும். அதற்கும் மேல், உங்கள் புரோகிராமை நம்பாத தனி தெர்மோஸ்டாட் ஒன்று பர்னர் லைனில் நேராக இருக்க வேண்டும். அப்புறம் பெட்டிக்கு அடியில் உள்ள ஓட்டைகளை கிளாண்டு போட்டு அடையுங்கள். உமித் தூசியைவிடப் பல்லி அதிகம் போர்டு தின்னும்.

செலவை எப்படிப் பிரிப்பது? டிசைன் மாற்றம் உங்கள் கணக்கு, எர்த் குழி அவர் கணக்கு. ஐந்தாவது போர்டை மட்டும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். நான்கு முறை பேசாமல் மாற்றிக் கொடுத்ததால்தான் அந்தக் கோளாறு நான்கு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

ஜெராக்ஸ் கடையோடு ஆன்லைன் விண்ணப்ப வேலையும் செய்கிறேன். வாடிக்கையாளர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ந்துகொண்டே போகின்றன. மறுபடி வந்தால் உதவும் என்று அழிக்காமல் வைத்திருக்கிறேன். தப்பா? (அறந்தாங்கி)

நல்ல எண்ணம்தான் அம்மா, ஆனால் ஆபத்து. சொந்தக்காரர் கடை ஒன்றில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், கையெழுத்து ஸ்கேன் மூன்றும் வரிசையாகக் கிடந்தன. அவர் பெயரில் கடன் வாங்க நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இ-ஆதார் பைலுக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்ட். இரண்டும் பக்கத்துப் பைலிலேயே இருக்கின்றன.

விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்று ஒன்று உண்டு. ஒருநாள் திறக்காமல் கிடக்கும் டவுன்லோட்ஸ் பைல்களை அழி என்று சொல்லி வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். அப்படியே ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப்பை இரவில் லாக்அவுட் செய்யுங்கள். ஆதார் எண் முழுதாகத் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை எடுத்துக் கொடுங்கள். மறுபடி வருகிறவருக்கு டிஜிலாக்கர் (சான்றிதழ்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் அரசுப் பெட்டகம்) தொடங்கிக் கொடுத்துவிட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரிய ஜெராக்ஸ் மெஷின் பலவற்றின் உள்ளேயும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மெஷினை விற்கும்போது அதை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 250 கோடி. உங்கள் கடைக்கு அவ்வளவு வராது, பயப்பட வேண்டாம். ஆனால் சின்ன ஊரில், "அந்தக் கடையில் கொடுத்த ஆதாரில்தான் இப்படி ஆகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் போதும்.

14 பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். ஆறு மாதம் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தால் ஏழாவது மாதம் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (கோவை)

கூடாது. டிகிரி சர்டிபிகேட் அடகுப் பொருளல்ல. குறித்த காலம் வேலை செய்வதாக எழுதி வாங்கும் பாண்டு போடலாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறித்த காலத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்துவிட்டு நீங்களும் இரண்டு லட்சம் எழுதாதீர்கள். அது புது ஆள் எடுக்கத் தேர்வு, விளம்பரம் என்று செலவு செய்யும் பொதுத்துறை வங்கி. நீங்கள் என்ன செலவழித்தீர்கள் என்று கேட்டால் ரசீது காட்ட வேண்டும். பையன் உங்களுக்காக வேலை செய்த மாதத்தின் சம்பளம் பயிற்சிச் செலவு ஆகாது.

ஏழாவது மாதம் ஏன் போகிறார்கள் என்று யோசித்தீர்களா? ஆறு மாதத்தில் வேலை தெரிந்துவிடுகிறது, சம்பளம் ஏற ஒரு வருடம் காக்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தை ஏழாவது மாதத்துக்குக் கொண்டு வந்து, அதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்பது சின்ன விஷயமல்ல. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011-லிருந்து சோஹோ நடத்தும் அலுவலகமே சாட்சி. உங்கள் விளம்பரத்தைச் சென்னையில் போடாமல் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் போட்டுப் பாருங்கள்.

ஒரு அரசு டெண்டரில் பத்து சதவீதம் கேட்கிறார்கள். கொடுக்காமல் பில் பாஸ் ஆகாதாம். எல்லாரும் கொடுக்கத்தானே செய்கிறார்கள்? (பெயர், ஊர் வேண்டாம்)

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வரும் என்பதையும் கணக்குப் போடுங்கள். உங்கள் லாபத்திலிருந்து வராது. 150 ஏஎச் பேட்டரி என்று எழுதிய இடத்தில் 100 ஏஎச் போகும், புது எஸ்எஸ்டிக்குப் (கணினியின் சேமிப்பு டிஸ்க்) பதில் பழைய கணினியில் கழற்றியது போகும். அந்த டெண்டரை விடுங்கள்.

"ஒரிஜினல் விண்டோஸ் வேண்டாம், கிராக் போட்டுக் கொடு" என்று கேட்கிறார்கள். மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். (விருதுநகர்)

போகட்டும். கிராக் போடுகிறவர் செய்யும் முதல் வேலை ஆன்டிவைரஸை அணைப்பது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் யோசிப்பார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்காரர்கள் எப்படியும் உங்களிடம் வந்தாக வேண்டும். எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ் விசைப்பலகை அமைத்து, வேலைக்குக் கூலி வாங்குங்கள். டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுகிறவருக்கு மட்டும் லைசென்ஸ் விண்டோஸ்தான் வழி.

டாலி பேக்கப்பை தினமும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறோம். டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். போதுமா? (சிவகாசி)

போதாது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய பில் வருகிறதா என்று பாருங்கள். இதைப் படித்து முடித்ததும் முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.